எண்ணிக்கை

செத்த மீனுக்குத் தராசு.
உசுரு மீனுக்கு எண்ணிக்கை.
ஜிலேபி ஒன்று பதினஞ்சு ரூபாய்,
உள்ளங்கை அகலம் இருக்கோணும்.
செதில் உதிர்ந்திருந்தால் பத்து.

பள்ளிபாளையத்துப் பாலத்தடியில்
சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கடை விரிப்பேன்.
கடை என்றால்
பெயிண்ட் வாளி மூன்று,
பாட்டரியில் குமிழ் விடும் மோட்டார் ஒன்று,
மேலே போர்த்தக் கொசுவலைத் துணி.
ஆற்றுத்தண்ணிதான் ஊற்றுவேன்.
குழாய்த்தண்ணியில் மருந்து கலந்திருக்கும்,
ஒரு மணி நேரத்தில் எல்லாம் மல்லாந்துரும்.

சென்னியப்பன் ஞாயித்துக்கிழமை ஆள்.
மற்ற ஆறு நாளும் தறிப்பட்டறையில் மேஸ்திரி.
காது கொஞ்சம் மந்தம்,
ஆற்றங்கரையிலும் தறி ஓடுகிறாப்போலக்
கத்தித்தான் பேசுவார்.
'வாளைக்குச் சோத்து உருண்டையெல்லாம் ஆவாதுங் அக்கா.
துடிக்கோணும். அந்தத் துடிப்புத்தான் அதுக்கு வாசம்.'
போன மாசம் ஒன்று நரம்பை அறுத்துக்கொண்டு போனதாம்.
கையை விரித்து நீளம் காட்டினார்.
முந்தின ஞாயிறு
அந்தக் கை இத்தனை விரியவில்லை.

முள் கோக்கும் விதமும் அவர் சொன்னதுதான்:
நின்ற தண்ணியானால் முதுகுத் துடுப்பின் ஓரம்,
எலும்புக்கு மேலே, தோலுக்குக் கீழே,
பாவில் ஒற்றை இழையை மட்டும் தூக்குகிறாப்போல.
ஓடுகிற தண்ணியானால் வாயில், மேலுதட்டில்.
ஆழமாய்க் குத்தினால் கால் மணியில் அடங்கிரும்,
பக்குவமாய்க் குத்தினால்
ராத்திரி பூராவும் நீந்தும்.
நோகாதுங்களா என்று நான் கேட்டதில்லை.
விற்கிறவள் கேட்கிற கேள்வியா அது?
வாளிக்கும் வாளைக்கும் நடுவே
ஓர் எழுத்துத்தான் தூரம்.

அன்றைக்குக் கதவணை திறந்திருந்தார்கள்.
ஈரோட்டு விளக்கெல்லாம்
தண்ணியில் நிற்க முடியாமல் ஓடின.
நாலு மீன் பொறுக்கினார்.
நாலாவது, தாடை உப்பின ஒன்று.
அதைத் தூண்டிலில் பிடிக்க முடியாது;
புழு வைத்தாலும் பொரி வைத்தாலும் தொடாது.
எம் மருமகன் வீச்சுவலையில் வாரி வந்தது.
'நல்லாக் கொழுத்திருக்குதுங்' என்றார்.
ஆமாங் என்றேன்.
ஏன் உப்பியிருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.

கட்டைவிரலை உள்ளே விட்டு வாயைத் திறந்தார்.
கடுகுக்கு வால் முளைத்தாப்போல
முப்பதோ நாற்பதோ
அவர் உள்ளங்கைக் குழியில் கொட்டின.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண்,
மற்றபடி ஒன்றும் இல்லை.

முள் ஒரு கையில், மீன் ஒரு கையில்,
சென்னியப்பன் முதல் தடவையாய்
மெதுவாய்ப் பேசினார்:
'இதெல்லாம் எவ்வளவுங் அக்கா?'

ரயில் ஒன்று பாலத்தில் நுழைந்தது.
அது போய்த் தீரும்வரை
நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மீன் கிடக்கிற வாளியில் விட்டால்
மற்ற ஜிலேபிகளே தின்றுரும்.
காலி வாளியை நீட்டினேன்.
கையை அலசி விட்டார், பிறகு அதையும் விட்டார்.
கொஞ்ச நேரம் அது சுவரோடு ஒட்டி நின்றது.
அப்புறம் மெல்லப் பின்னால் நகர்ந்து
வாயைத் திறந்தது.
கடுகெல்லாம் அந்த இருட்டைப் பார்த்து
ஒட்டுக்கா ஓடின.

அவர் வேறொன்றை எடுத்தார்.
அதன் வாயையும் திறந்து பார்த்தார்.
காலி.
மேலுதட்டில் முள் ஏறியது.

அறுபது ரூபாய் கொடுத்தார், சரியாக நாலுக்கு.
விற்காததைத் தராசுக்காரனிடம் தள்ளிவிட்டு,
இரண்டு வாளியை டீக்கடையில் கவிழ்த்துவிட்டு
நான் கிளம்பும்போது
மறுபடியும் கத்திப் பேச ஆரம்பித்திருந்தார்.
நரம்பு மட்டும் அசையவில்லை.

ஒன்பதரை பஸ்ஸில் கூட்டமில்லை.
தண்ணி தளும்பாமல் இருக்க
வாளியை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கியிருந்தேன்.
இலவசச் சீட்டைக் கிழித்தபடி
'எத்தனை பேருங்க்கா?' என்றார் கண்டக்டர்.
கீழே பார்க்காமல்
ஒருத்தி என்றேன்.