பக்கெற்றின் பின்பக்கம்

ஸ்ரான்லி வீதியில் மாடியறை.
கீழே சைக்கிள் ரியூப் ஒட்டுகிற கடை.
ஜசிந்தா அக்கா படியேறி வந்து மேசையில் வைத்தவை:
பெயரொட்டாத பக்கெற்றில் அறுபது கிராம் இறால் சம்பல்,
மடித்த ஆய்வுகூட அறிக்கை,
முன்பணம் இரண்டாயிரம்.

"முன்பக்கம் யோசிச்சிட்டன்.
இறாலின்ர படம். பாசையூர் எண்டு பெருசா.
பின்பக்கம்தான் தம்பி கரைச்சல்."

அளந்தேன். ஒன்பது சென்ரிமீற்றர் அகலம்.
அதற்குள் மூன்று மொழிகளும் குடியிருக்க வேண்டும்.
சேர்மானம், விலை, தொகுதி இலக்கம், முடிவுத் திகதி,
கோயிலுக்குப் பின்னால் என்று
தபால்காரருக்கு மட்டும் விளங்குகிற விலாசம்,
பிறகு, நான் காசு வாங்கி எழுதிக்கொடுத்த நாலு வரி:
கடலின் மணம், கையின் பக்குவம், இன்னபிற.
மிச்சம் ஒரு முத்திரையளவு.

கட்டம் போட்டுப் பார்த்தேன்.
இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் எண்,
வங்கிப் புத்தகம் மாதிரி வடிவாய்.
கடைசி வரி மட்டும்
பக்கெற்றை ஒட்டுகிற சூட்டுக்குள் போய் விழுந்தது.
"எது போச்சு?"
உப்பு.
"அது போனா நல்லம்தானே" என்று சிரித்தாள்.
பிறகு,
"சும்மா சொன்னனான்."

கட்டத்தைக் குலைத்து வசனமாய் ஓடவிட்டேன்.
சக்தி, கொழுப்பு, சீனி, புரதம், உப்பு,
காற்புள்ளிக்குப் பின்னால் காற்புள்ளி.
இடம் தாராளம்.
ஆனால் எறும்பு வரிசையை நின்று எண்ணுகிறவர் ஆர்?

ஸ்காபரோவில் மச்சாள் கடை வைத்திருக்கிறா.
அவவுக்கு வேறு கட்டம், வேறு மொழி,
சோடியம் என்று போட வேண்டும்.
லண்டனில் அவவின் தம்பிக்கு உப்பென்று போட வேண்டும்.
நூறு கிராமில் ஆயிரத்து அறுநூற்றெண்பது மில்லிகிராம் சோடியம்;
நூறு கிராமில் நாலு தசம் இரண்டு கிராம் உப்பு.
ஒரே சட்டியில் ஒரே கை போட்டதுதான்.
ஒன்றில் எண் பெரிது, பெயர் அந்நியம்.
மற்றதில் எண் சின்னது,
பெயரை நாக்குக்கே தெரியும்.
"இஞ்ச விக்கிறதுக்கு உப்பெண்டே போடு" என்றாள்.

அடுத்தது, ஒரு பரிமாறல் எவ்வளவு?
"பத்துக் கிராம் எண்டு போடுவம். ஒரு தேக்கரண்டி."
போட்டேன். எண்களெல்லாம் மளமளவென்று இறங்கின.
உப்பு அரைக் கிராமுக்கும் கீழே வந்து
நல்ல பிள்ளையாய்க் கைகட்டி நின்றது.

போன வியாழன் கோயில் வாசலில் இதே சம்பல் வாங்கினேன்.
அரை றாத்தல் பாணுக்கு அரைப் பக்கெற்.
விரலால் வழித்தது கணக்கில் இல்லை.
சட்டைப்பையில் பிரஷர்க் குளிசை அட்டை.
அதன் பின்பக்கத்தையும் நான் இதுவரை வாசித்ததில்லை.

அதை அவளிடம் சொல்லவில்லை.
"அக்கா, நீங்கள் எவ்வளவு போட்டுச் சாப்பிடுவியள்?"
கரண்டிக் கணக்கில் அவளுக்குப் பதில் வரவில்லை.
வலக்கையைக் குவித்துக் காட்டினாள்.
கொம்பியூட்டரில் அந்த அளவுக்குப் பொத்தான் இல்லை.

பார்சல் நிறுக்கிற தராசை எடுத்தேன்.
பக்கெற்றை உடைத்து, தாள் விரித்து,
வழமைபோல ஒரு பிடி.
இருபத்தெட்டு.
திரும்பக் கொட்டி இன்னொருக்கால். முப்பத்தொன்று.
"பார்க்கிறாய் எண்டு கை நடுங்குது, பொறு."
முப்பது.
கொஞ்ச நேரம் தராசையே பார்த்திருந்தாள்.
"அப்ப பக்கெற்றுக்கு ரெண்டு பேர்தான்."

முப்பது போட்டேன்.
உப்பு ஒன்று தசம் இரண்டு ஆறுக்கு ஏறியது.
"கட்டமாவே போடு தம்பி. வரி வரியா."
"இடம் காணாதே அக்கா."
திரையில் விரலை வைத்தாள்.
கடலின் மணம், கையின் பக்குவம்.
"இதைத் தூக்கு."
நாலு வரியும் போயின. ஆயிரத்தைந்நூறு ரூபாய்.
"உப்பை மேல கொண்டுவர ஏலாதோ?"
"ஏலாது. அதுக்கொரு ஒழுங்கிருக்கு."
"அப்ப தடிச்ச எழுத்தில போடு."

அவள் இறங்கிப் போனபின்
கீழே காற்றடிக்கிற பம்பின் சத்தம்.
தாளை மடித்து எடுத்தேன்.
தராசு பூச்சியத்துக்கு வராமல் ஒன்றில் நின்றது.
தட்டில் இறால் துண்டொன்று, மிளகாய் விதை இரண்டு.
சுட்டுவிரலால் ஒற்றி நாக்கில் வைத்தேன்.
வந்தது.