அவனுக்குக் கேட்பது

எங்கள் வீட்டுக்கு அடியில் கடல் வந்து போகும்.
சிலோயே தீவில், காஸ்த்ரோ ஊரில், இந்தத் தெருவில்
எல்லா வீடுகளும் மரக்கால்களை மடிக்காமல்
சேற்றில் நிற்கின்றன.
ஒரு நாளைக்கு இரண்டு முறை
தரைப்பலகைக்குக் கீழே யாரோ நடமாடுவது போலிருக்கும்.
யாருமில்லை. தண்ணீர்.
முப்பத்தோரு வருடம் எனக்கும் நொல்பெர்த்தோவுக்கும்
அது வெறும் தண்ணீர்தான்.

போன மார்ச்சில் அது அவனிடம் பேசியது.

சால்மன் பண்ணையில் முக்குளிப்பவன் என் தம்பி.
இருபது மீட்டர் ஆழத்தில் கிழிந்த வலையைத் தைப்பவன்.
தூக்கமில்லை, குளிர், அதனால்தான் என்று நினைத்தோம்.
குடி என்றார் மேலாளர்.
சூனியம் என்று சொல்லி அத்தை வாசலில் உப்பு வைத்தாள்.
நான், 'காதில் போட்டுக்கொள்ளாதே' என்றேன்.
அவன் எங்கே போட்டுக்கொண்டான்?
அதுவாக வந்து விழுந்தது,
திறந்து கிடந்த வாளியில் மழை விழுவதைப் போல.

ஜூனில் கெண்டியின் விசிலைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான்.
அன்று இரவு
சமையலறைக் கத்திகளை எண்ணி ஒளித்துவைத்தேன்.
அவன் பார்த்துவிட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றான்.

மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒரு தாள்:
'குடும்பத்தினர் மட்டும். வியாழன், ஏழு மணி.
தீயணைப்பு நிலைய மாடி.'
மூன்று வியாழன் படியேறாமல் திரும்பினேன்.
நாலாவது வியாழன் மழை பலமாக இருந்தது,
அதனால் உள்ளே போனேன். வேறு காரணமில்லை.

ஏழு நாற்காலி, ஒரு எரிவாயு அடுப்பு,
யாரோ சுட்டுவந்த, நடுவில் வேகாத கேக்.
டயருக்கு ஒட்டுப்போடும் ரொசாமெல், நகக்கண்ணில் கறுப்போடு
தன் மனைவியைப் பற்றிச் சொன்னார்:
'முதல் வருடம் முழுக்க அவளோடு வாதாடினேன்.
எல்லா வாதத்திலும் நானே ஜெயித்தேன்.
அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதில்லை.'
யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தோம்.
நடுவில் சங்கு ஊதியது;
எங்களில் இரண்டு பேர் தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
எங்கோ ஒரு விறகுக்கொட்டகை எரிந்ததாம்.
திரும்பி வந்து, புகை வாசத்தோடு,
விட்ட இடத்திலிருந்து கேட்டார்கள்.

அந்த வாரமே ஒரு நாள், நள்ளிரவு தாண்டிக் கடல் ஏறியபோது
நொல்பெர்த்தோ மண்டியிட்டு
பலகை இடுக்குகளில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தான்.
எனக்கு உறைத்தது:
அவனுக்கு என்ன கேட்கிறது என்று
நான் அதுவரை கேட்டதே இல்லை.

கேட்டேன்.

'பேர் வாசிக்கிறார்கள்' என்றான்.
'கீழே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள்.
என் பேர் வந்தால் நான் போகணும்.'

வாய்வரை வந்த 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை'யை
விழுங்கிக்கொண்டேன்.
'எனக்குக் கேட்கவில்லை, நொல்பே. பொய் சொல்ல மாட்டேன்.
உன் பேர் வந்தால் போவதற்கு முன்னால் என்னை எழுப்பு.'
நீண்ட நேரம் பார்த்தான்.
பிறகு நாடாச்சுருளை என்னிடம் நீட்டினான்,
நுனி தொலைந்துபோயிருந்தது.
நகத்தால் தேடி எடுத்துக் கொடுத்தேன்.
விடியும்வரை ஒட்டினோம்.

காலையில் அவனே காலணியைத் தேடினான்.

மருத்துவமனையில் மூன்று மணி நேரம்.
சுவரோரம் இருமல், ஒரு குழந்தை, ஈரக் கம்பளி.
கதவு திறந்தது:
'நொல்பெர்த்தோ மில்லகூரா!'
என் மணிக்கட்டை நொறுங்கப் பிடித்தான்.
'உனக்கும் கேட்டுதா?'
'கேட்டது' என்றேன்.
'இது எல்லாருக்கும் கேட்டது. நர்ஸ் கூப்பிடுகிறாள். வா.'

இப்போது மாத்திரை.
கை நடுங்குவதால் அரைக் கோப்பைதான் ஊற்றுகிறேன்,
இரண்டு முறை.
கடலுக்குள் இறங்குவதில்லை, கரையில் உட்கார்ந்து வலை தைக்கிறான்.
சில இரவுகளில் நாடா இன்னும் தேவைப்படுகிறது.
கத்திகளைப் பழைய இழுப்பறையிலேயே போட்டுவிட்டேன்,
எண்ணுவதில்லை.

ஆனால் ரொட்டியை இன்னும் கையால்தான் பிய்க்கிறான்.
அதை நான் இதுவரை கேட்கவில்லை.
வியாழக்கிழமை போனால் விசாரிக்க வேண்டும்,
அதை எப்படிக் கேட்பது என்று.