ஓம்னிக்கு வேறு இன்ஜின்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தபோது
என் வண்டி செத்தது.
உள்ளே எட்டுப் பெட்டி இறால், உருகும் ஐஸ்,
பின்னால் ஆரன் அடிக்கும் ஊர்.
கூட்ஸ் ரயிலில் நாற்பத்தெட்டு டேங்கர் போனது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
வேறென்ன செய்ய.

ஜிலானி ஷெட்டில் இப்போது
தார்ப்பாயின் மேல் இரண்டு இன்ஜின்,
பஞ்சாயத்துக்கு வந்த சம்பந்திகள்போல
எதிரெதிரே.
ஒன்று கார்புரேட்டர். பன்னிரண்டாயிரம்.
மீஞ்சூரில் லாரியில் மோதி மூக்குடைந்த வண்டியின் நெஞ்சு.
மற்றது இன்ஜெக்‌ஷன். இருபத்தெட்டு,
ஒயரிங், டேங்க்குக்குள் மூழ்கும் பம்ப்,
டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மூளை,
எல்லாம் சேர்த்து.

"கார்புரேட்டர் போடுக்கா" என்றான் ஜிலானி.
"நின்னுச்சா, கழட்டு, பெட்ரோல்ல கழுவு,
ஜெட்டை வாயால ஊது, மாட்டு, போயிட்டே இரு.
எண்ணூர் ரோட்டுல அந்தப் பொட்டியத் தூக்கிக்கினு
எவனைத் தேடுவ?"

ஒயரிங் பார்க்கும் செலின்
டெஸ்டரைக் காதுமேல் செருகிக்கொண்டு,
"மார்கழியில, ரெண்டரை மணிக்கு,
சோக்கை இழுத்துப் பிடிச்சிக்கினு எவ்ளோ நேரம் குந்துவ?
இது சாவியைத் திருப்பு, அவ்ளோதான்.
லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடக் குடுக்கும்" என்றாள்.

எனக்கு இன்ஜின் தெரியாது.
கடன் தெரியும்.

கார்புரேட்டர் எங்கள் தெருமுனை வட்டிக்கார அய்யாவு.
இழுத்தால் கொடுக்கும்.
காற்று கேட்கிறது, பெட்ரோல் வருகிறது,
ஏன் எதற்கென்று ஒரு வார்த்தை கிடையாது.
கூடக் கொடுத்து மூச்சு முட்ட வைக்கும்,
குறையக் கொடுத்து நடுரோட்டில் நிறுத்தும்,
ஆனாலும் முகம் பார்த்துப் பேசலாம்,
ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பி
சமாதானம் ஆகலாம்.

இன்ஜெக்‌ஷன் பாங்க்.
வெளியே எவ்வளவு சூடு, உள்ளே எவ்வளவு காற்று,
உன் கால் எத்தனை அழுத்துகிறது,
போன தடவை கொடுத்தது எரிந்ததா புகைந்ததா,
எல்லாவற்றுக்கும் ஒரு சென்சார், ஒரு ஃபாரம்.
துளி கூடாமல் துளி குறையாமல் கொடுக்கும்.
ஒரு நாள் கொடுக்காது.
ஏனென்று சொல்ல கவுண்டரில் ஆள் இருக்காது.

அய்யாவு வாசலில் அழுதிருக்கிறேன்.
பாங்க்கில் அழுததில்லை.
அழுவதற்கும் எதிரே ஒரு ஆள் வேண்டுமே.

அப்போதுதான் ஷெட்டுச் சுவரைப் பார்த்தேன்.
டிசம்பர் வெள்ளம் வந்து நின்ற கோடு,
என் இடுப்புக்கு மேல் ஒரு சாண்,
சுண்ணாம்பில் கறுப்பாய், எண்ணெய்ப் பிசுக்காய்.
கோட்டுக்குக் கீழே பூச்சு உதிர்ந்திருந்தது.
கோட்டுக்கு மேலே ஜிலானி மகள் ஒட்டிய
பூனை ஸ்டிக்கர் ஒரு மீசைகூடக் கலையாமல்.

"தண்ணி பூந்தா எது பொழைக்கும்?"
"இன்ஜின் ரெண்டும் பொழைக்கும். மூளை பொழைக்காது."
"அப்ப மூளைய மேல வை."
"எங்க?"
"கூரையில. கோட்டுக்கு மேல."
"ஒயர் பத்தாது."
"ஒட்டு போடு."

செலின் என்னையே பார்த்தாள்.
பிறகு டாஷ்போர்டிலிருந்து கூரைவரை
பூக்காரிபோல முழம் போட்டாள்.
முப்பத்தொரு ஒயர், ஒவ்வொன்றுக்கும் நாலு முழம்,
கூலி தனி.
ஜிலானி கார்புரேட்டரைத் துணியில் சுற்றி
ரேக்கில் வைத்தான். "இருக்கட்டும், நீ வருவ."
வரலாம். நான் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை.

ரெண்டரை மணி.
சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது.
கைதான் பழக்கத்தில் சோக்கைத் தேடிப் போய்
வெறும் ஓட்டையில் விரல் விட்டுத் திரும்பியது.
காசிமேடு திருப்பத்தில்
இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.
என்ன கேட்கிறதென்று தெரியவில்லை.
ஐஸ் ஏற்றி முடித்ததும்
அந்த ஓட்டையில் ஒரு ஊதுவத்தி செருகினேன்.
வத்தி எரிந்தது, விளக்கும் எரிந்தது.
வண்டி ஓடியது.