குண்டு போடும் நாடு

கோப்பிங்கன். இரவு வேலை. ஆஸ்பத்திரித் துணி.
எட்டாம் இயந்திரத்தின் வெற்றுத் தொட்டிக்குள்
எந்த நர்ஸின் பொத்தானோ கழன்று விழுந்து
டிங் என்றது.

ஃபன்சு ஜடாமா கையிலிருந்த போர்வையை
அப்படியே விட்டான்.
"ஒரு வாக்கு விழுந்தது" என்றான்.

எங்கள் இருவரின் ஜெர்மனும் நொண்டி.
ஒன்றின் தோளில் மற்றது கைபோட்டுத்தான்
எந்தக் கதையும் வாசல் தாண்டும்.
அன்று தாண்டியது இது:

காம்பியாவில் வாக்குச்சீட்டு இல்லை.
வேட்பாளருக்கு ஒரு தகரப் பீப்பாய்,
அவர் நிறத்தில் பூச்சு, அவர் படம்.
எழுத்துத் தெரியாதவருக்கும் முகம் தெரியும்.
உள்ளங்கையில் ஒரு கண்ணாடிக் குண்டு தருவார்கள்.
மறைப்புக்குப் பின்னால் போய்க்
குழாய் வாயில் விட்டால்
உள்ளே ஒரு மணி அடிக்கும்.
ஒருமுறை அடித்தால் குடிமகன்.
இரண்டுமுறை அடித்தால் திருடன்.
அடியில் மணல் கொட்டியிருப்பார்கள்,
குண்டோடு குண்டு மோதி எதையும் உளறாதபடி.
அன்றைக்குச் சாவடிப் பக்கம் சைக்கிள் ஆகாது;
எந்த மணி எதற்கு என்று குழம்பிவிடும்.

விடிந்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்:
"அங்கை குண்டு போட்டுத்தானாம் அரசாங்கம்."
பாணிலிருந்து தலை நிமிராமல்
கணவர் கேட்டார்:
"அங்கையுமோ?"

அந்த வாரம் முழுக்க அதே பேச்சு.
ஜனாதிபதிக்கு ஐந்து ஆண்டு.
பாதியைத் தாண்ட வேண்டியதில்லை,
அடுத்தவனைவிட ஒரு குண்டு கூடினால் போதும்.
சபையில் ஐம்பத்தெட்டு நாற்காலி,
ஐந்தில் அவரே ஆள் அமர்த்தலாம்.
எத்தனை தரம் நிற்கலாம்?
"கால் வலிக்கும்வரை" என்றான்.
இரண்டு தரம் போதும் என்று எழுதிய புதுச் சாசனம்
சபை வாசற்படியிலேயே தடுக்கி விழுந்ததாம்.

முன்பொருவன் துப்பாக்கியோடு வந்து
இருபத்திரண்டு ஆண்டு இருந்தான்.
எண்ணிப் பார்த்துப் போகச் சொன்னார்கள்.
முதலில் சரி என்றான், பிறகு எண்ணிக்கை தப்பு என்றான்.
பக்கத்து நாட்டுப் படைகள்
எல்லையில் வந்து நின்றபோதுதான்
அவனுக்குக் கணக்குப் புரிந்தது.
"ஆக, குண்டுதான் அனுப்பியது" என்றான் ஃபன்சு.
எந்தக் குண்டு என்று நான் கேட்கவில்லை.

"உனக்கு வாக்கு?"
"உரிமை உண்டு. பீப்பாய்தான் ஜெர்மனிக்கு வரவில்லை."
அவன் பர்ஸில் இருப்பது டுல்டுங்:
இவனைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று ஒரு காகிதம்.
பொறுமை தீரும் தேதியும் அதிலேயே இருக்கிறது.

நானும் ஒன்று சொன்னேன்.
என் முதல் தேர்தல், காலை பத்து மணி,
பட்டியலில் விரல் ஓட்டிய உத்தியோகத்தர்
கண்ணைப் பார்க்காமல் சொன்னார்:
"உங்கட வோட்டு விழுந்திட்டுது, தங்கச்சி."
மை படாத விரலோடு திரும்பி நடந்தேன்.

"மணி கேட்கவில்லையா?"
"அடித்திருக்கும். நான் அப்போது
வீட்டில் தலை பின்னிக்கொண்டிருந்தேன்."

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை.
பாஸேயிலிருந்து அக்கா நியிமா அனுப்பிய படம்:
எண்ணும் தட்டு, வரிசை வரிசையாய்க் குழிகள்,
குழிக்கொரு குண்டு,
விளிம்பில் யார் யாருடையவோ விரல் நுனிகள்.
அது கடைசித் தட்டு. நிறையவில்லை.
வலது மூலையில் பதினொரு குழி காலி.

யார் வென்றது என்று அவன் சொல்லவேயில்லை.
திரையைப் பெரிதாக்கி
காலிக் குழிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டான்.
உல்மில் யாங்குபா. மிலானில் கஜாலி.
ஹைல்பிரோனில் ஃபாத்து, அவள் தம்பி.
கடலோடு நின்றுவிட்ட டெம்போ.
பத்துவரை பெயர் வந்தது.
பதினொன்றில் விரலை வைத்துக்கொண்டே நின்றான்.
அறுபது டிகிரி, மூன்றாம் இயந்திரம் என்று
மேற்பார்வையாளர் கத்தினார்.
போனான்.

பொத்தான் இன்னும் என் ஏப்ரன் பையில் கிடக்கிறது.
எட்டாம் தொட்டி காலியாகும்போதெல்லாம்
கை அங்கே போகிறது.
போட்டால் யாருக்கு என்பதுதான்
இன்னும் முடிவாகவில்லை.