இணக்கமின்மை: ஒன்று

'எழுதாதது நடக்காதது' என்று
மதுரையிலிருந்து வந்த கன்சல்டண்ட்
போர்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.
அங்கீகாரத்துக்கு அதுதான் அரிச்சுவடி.

அன்றுமுதல் எழுதினோம்.
கை கழுவியதை. ஊசியை அழித்ததை.
தரை துடைத்த நேரத்தை, பக்கத்தில்
செண்பகவல்லியின் கையெழுத்தை.
ஃப்ரிட்ஜின் குளிரைக் காலையும் மாலையும்:
நாலு, நாலு, நாலரை, நாலு.

மார்கழி பிறந்த மறுநாள்
ஆறு வண்ணார்பேட்டைக்குள் வந்தது.
படி, பெஞ்சு, ரிசப்ஷன் மேசை.
கரண்ட் போனது. டாக்டர் லைனில் இருந்தார்,
பிறகு லைனும் போனது.

அறுபத்துமூன்று குழாய் ரத்தம்.
மைதீன் எங்கிருந்தோ மீன் பெட்டி ஒன்றைக்
கொண்டுவந்தான், பாதி ஐஸோடு.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
இடுப்புத் தண்ணீரில் ஹைகிரவுண்டு வரை நடந்தோம்.
"என்ன மீனுடே?" என்றார் மாடியிலிருந்து ஒருத்தர்.
"ரத்தம்" என்றான்.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் டாக்டர் சொன்னார்:
"ரெண்டு நாள் காலியா கெடக்கே விஜிலா,
நாலுன்னு போட்டுரு."
நாலு போடக் கை வரவில்லை.
'வெள்ளம். மீன் பெட்டி.
கையால் தொட்டுப் பார்த்தது: குளிர்ச்சி'
என்று எழுதினேன்.

பெங்களூரிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் அம்மா
அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.
ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.
"கைக்குக் காலிபரேஷன் சான்று இருக்கா?"

சிரிக்கவில்லை அவர்.
எழுதினார்.

இணக்கமின்மைக்கு மறுமொழி அனுப்பினோம்:
தெர்மாமீட்டர் வாங்கிய ரசீது,
வெள்ளக் காலத்தில் மாதிரிகளை
இடம் மாற்றும் செயல்முறை, மூன்று பக்கம்.
மீன் பெட்டி இப்போது
போக்குவரத்துப் பெட்டி எண் ஒன்று.
லேபிள் ஒட்டியது மைதீன்.
எத்தனை தடவை தேய்த்தும்
வெயில் நாளில் சாளை வாசம் வரும்.

அந்த இரண்டு நாள் சம்பளம்
எங்கள் இருவருக்கும் பிடித்தம்.
வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை.
வருகைப் பதிவேடே
ஆற்றோடு போயிருந்தது என்று சொன்னேன்.
"அதை எங்கே எழுதியிருக்கு?" என்றார் கணக்கர் பிச்சையா,
நல்ல மனுஷர்தான்.

சித்திரையில் சான்றிதழ் வந்தது.
சுவரில் தண்ணீர் நின்ற கறை மறைகிற மாதிரி
மாட்டச் சொன்னார் டாக்டர்.
ஃப்ரேம் ஒன்றரை அடி.
கறை சுவர் நீளத்துக்கும் ஓடுகிறது.

ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்
முத்திரையைப் பார்ப்பதில்லை.
சட்டைக் கையைச் சுருட்டியபடியே
கறையோரம் போய் நின்று
தங்கள் நெஞ்சோடு அளந்து பார்க்கிறார்கள்.
"இம்புட்டு உயரமாவா வந்துச்சு?"

ஆமா என்கிறேன்.
கையை நீட்டுங்க, மூடிக்கோங்க.