சம்மச்

நகரசபை மண்டபத்தில் இலவச ஹிந்திப் படம்.
திரைக்குக் கீழே தமிழ் வரும் என்றுதான் சொன்னார்கள்.
வந்தது பெட்டி.
எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளைவெள்ளையாகச் சின்னப் பெட்டிகள்.
"எழுத்துரு இல்லையடா" என்று கிண்ணியா நிப்ராஸ்
மடிக்கணினியின் முதுகைத் தொட்டுப் பார்த்தான்,
காய்ச்சல் பார்ப்பவன் போல.

பாதிச் சனம் எழும்பிப் போனது.
கம்சாயினி போகவில்லை.
பக்கத்துக் கதிரையில் நான்.
"உங்களுக்கு ஹிந்தி விளங்குமோ?"
"ஓரளவு."

அந்த ஓரளவின் அளவைச் சொல்லிவிடுகிறேன்:
பாட்டுகளில் பொறுக்கிய பதினாலு சொல்.
அதில் ஆறு உயிர், நாலு இதயம்,
மிச்சம் மழை.

படத்தில் ஒரு சின்ன ஊர்.
மொட்டைமாடிகள், கரும்பு லொறி,
மின்கம்பியில் மாட்டிய பட்டம்.
நாயகன் கலியாணங்களுக்குப் பாத்திரம்
வாடகைக்கு விடுகிறவன்.
நாயகி ஸ்கூட்டியில் பறக்கிறவள்.
அவள் வீட்டுக் கதவைத் தட்டி
ஒரு சொல் சொல்கிறான்: சம்மச்.
அவள் முறைக்கிறாள்.
மறுநாளும் தட்டுகிறான். சம்மச்.
தகப்பன் செருப்போடு துரத்துகிறார்,
ஓடுகிற ஓட்டத்திலும்
சம்மச், சம்மச்.

என் பதினாலில் அது இல்லை.
ஆனாலும் அடிவாங்கியும் ஒருவன் விடாத சொல்
வேறென்னவாக இருக்க முடியும்?
"கண்ணே எண்டு கூப்பிடுறான்" என்றேன்.

பிறகு எனக்குக் கை வந்துவிட்டது.
அவன் கணக்குக் கொப்பியை விரித்துக் கத்த,
"உங்களைக் கண்ட நாளெல்லாம்
இதில குறிச்சு வச்சிருக்கிறன் எண்டுறான்."
அவன் விரல் மடித்து எண்ண,
"மூண்டு வருசமா பாலையூற்றில ஏறி
உங்கட சீற்றுக்குப் பின்னால நிண்டு வாறன் எண்டுறான்."

படத்தில் பஸ்ஸே இல்லை.
பாலையூற்றும் இல்லை.
கம்சாயினி கச்சான் கோதை உடைத்தபடி
"பாவம்" என்றாள்.

இடைவேளையில் ஒரு புள்ளிமான்
கதவால் தலையை நீட்டி உள்ளே வந்து
அவள் மடியிலிருந்த கச்சான் சரையைக்
கடதாசியோடு தின்றுவிட்டுப் போனது.
இந்த ஊரில் மான்களுக்குத்தான்
ஒரு கூச்சமும் கிடையாது.

கடைசிக் காட்சி. மழை.
(என் சொல். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.)
நாயகி அலுமாரியைத் திறந்து
எதையோ எடுத்து அவன் கையில் வைக்கிறாள்.
கமரா கிட்டே, இன்னும் கிட்டே போய்க் காட்டியது.
கரண்டி.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

வெளியே ஓட்டோவுக்குக் கைகாட்டிக்கொண்டே
அவள் சொன்னாள்:
"நான் சீனக்குடாவில, எண்ணெய்க் கம்பனியில
அஞ்சு வருசமாக் கணக்கெழுதுறன்.
மனேஜர்மார் எல்லாம் லக்னோப் பக்கம்.
கலியாண வீட்டில ஒரு கரண்டி குறைஞ்சு போச்சு,
அதைத் தாங்கோ எண்டுதான்
அந்தாள் படம் முழுக்கக் கேட்டது."

டச்சுக்குடாப் பக்கமிருந்து உப்புக்காற்று.
என் முகம் இருந்த சூட்டுக்கு
அது காணாது.
"அப்ப ஏன் நீங்கள் என்னை நிப்பாட்டேல்லை?"
"ரெண்டு படம் ஓடேக்க
ஒண்டை ஏன் நிப்பாட்டுவான்?"
ஓட்டோ உவர்மலைக்குத் திரும்பிவிட்டது.

இரவு பத்தரைக்கு, நிப்ராஸிடம் நம்பர் வாங்கி,
ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்:

▢▢▢▢ ▢▢▢

மொழிபெயருங்கோ பாப்பம்.

"கரண்டி எங்க" என்கிறான் நிப்ராஸ்.
எண்ணிப் பார்த்தேன். நாலும் மூன்றும். சரிதான்.
ஆனால் "நாளைக்கு வாங்கோ" என்பதும்
அதே பெட்டிகளில் அளவாக இருக்கிறதே.

எதற்கும் இருக்கட்டும் என்று
சட்டைப் பையில் ஒரு கரண்டியோடு
பாலையூற்றுத் தரிப்பில்
பஸ்ஸுக்கு நிற்கிறேன்.