மஞ்சக்குப்பத்து வெள்ளை

முதலில் ஜன்னல்களை அடைத்தோம்.
கறுப்புத் துணி, அதன்மேல் போர்வை,
கதவிடுக்கில் செங்கமலவல்லி அம்மாள் செருகிய
பழைய உள்பாவாடை.
ஏசியின் பச்சைப் புள்ளிக்கு ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்.
மத்தியானம் மூன்று மணிக்கு
கடலூரில் ஓர் அறைக்கு மட்டும் இருட்டியது.

டிவியின் நடுவில் மீட்டரைத் தொங்கவிட்டேன்,
பின்பக்கம் எடைக்கல் கட்டி.
சுவரில் பல்லியைப் போல ஒட்டிக்கொண்டது,
சகுனம் மட்டும் சொல்லாது.

கறுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.
பதினாறு, முழுக் கறுப்பு.
பதினேழு, கறுப்பென்று சொல்லிக்கொள்ளும் ஒன்று.
அந்தப் பட்டை தெரிந்தும் தெரியாமலும் நிற்குமிடத்தில்
கையை எடுத்துவிட வேண்டும்.
ஒரு புள்ளி கூடினால் இருட்டு சாம்பலாகிவிடும்.
ஒரு புள்ளி குறைந்தால்
இரவுக் காட்சியில் ஆட்களின் தலைமுடி காணாமல் போகும்.

பிறகு வெள்ளை.
கடைப்பையன் வைத்துவிட்டுப் போன 'பளிச்' முறையை நிறுத்தி
நீலத்தைப் படிப்படியாய் இறக்கினேன்.
ஆறாயிரத்து ஐந்நூறு என்றது மீட்டர்.
பூவராகன் எழுந்தே விட்டார்.

"என்னங்க இது, டிவிக்கு மஞ்சக்காமாலையா?
முப்பத்தோரு வருஷம் பெயிண்ட் கடை.
வெள்ளையில மட்டும் பதினேழு வித்தவன் நான்.
அதுல ஒண்ணுகூட இது இல்ல."

எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.
ரெண்டு நாள் பாருங்க, கண்ணு பழகிடும் என்று
எல்லா வீட்டிலும் சொல்வதை நானும் சொன்னேன்.

அவர் இடது கண்ணைப் பொத்தினார்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
வலதைப் பொத்தினார்.
மறுபடி இடது.
"வலதுல சரியாத்தான் இருக்கு" என்றார்,
யாரையோ காட்டிக்கொடுப்பவர் போல.

வலதில் ஆவணியில் புரை எடுத்திருக்கிறார்கள்.
இடதுக்குத் தை பிறக்கணும்.

ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன்.
இடதை மட்டும் திறந்து வையுங்கள்,
வலதில் பார்த்த வெள்ளை வரும்வரை நீலத்தை ஏற்றுங்கள்.
ஏற்றினார். ஏற்றிக்கொண்டே போனார்.
நிறுத்திய இடத்தில் மீட்டர் வாசித்தது:
பதினோராயிரத்து நானூறு.

ஒரே மூக்கின் இரண்டு கரைகளுக்கு நடுவே
ஐயாயிரம் கெல்வினுக்குக் கொஞ்சம் குறைவு.
ஏறத்தாழ அந்தக் கடைப்பையனின் 'பளிச்'.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
அவர் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"கடைசி நாலு வருஷம் மெஷினை நம்பாம
வெள்ளைக்கு நீலச் சொட்டு நான்தான் விட்டேன்.
கண்ணாலயே.
புருசோத்தமன் வீடு. டியூஷன் சென்டர் மாடி.
அந்த நர்ஸம்மா வீடு, உள்ள வெளிய முழுசும்.
ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலியே தம்பி."

"சொன்னாங்க"
என்றார் செங்கமலவல்லி அம்மாள், இருட்டிலிருந்து.
"நான்தான் உங்ககிட்ட சொல்லல."

சாம்பல் படிகளில் எட்டாவது
திரையில் காத்துக்கொண்டிருந்தது.
மீதியை முடித்தேன். வேறென்ன செய்ய?

இரண்டு நினைவகத்தில் பதிந்தேன்:
ஒன்று வலது, இரண்டு இடது.
தையில் வந்து இரண்டாவதை அழித்துத் தருகிறேன் என்றேன்.
"கிடக்கட்டும்" என்றார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
போர்வையை இறக்கியதும் மூவரும்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம்.

பாண்டி பஸ் பிடிக்க நடந்தேன்.
ஐந்தே முக்கால். கெடிலத்துப் பக்கமிருந்து காற்று.
தெருவின் சுவர்கள்
அவரவர் வெள்ளையில் நின்றன.

நர்ஸம்மா வீடு எதுவென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
மாடிக் கொடியில் யூனிஃபார்ம் இரண்டு செட்,
சொட்டு நீலத்தில் முக்கியெடுத்தவை.
அவற்றுக்குப் பின்னால் சுவர்.
சட்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது
என்று பார்த்துக்கொண்டு நின்றதில்
ஒரு பஸ் போய்விட்டது.

பையில் மீட்டர் இருந்தது.
ஜிப்பைத் திறக்கவில்லை.